ஈர நெல்லும் சுதந்திரச் சந்தையும்

மட்டக்களப்பில் உயர்தர மாணவர்களுக்குப் பொருளியல் படிப்பிக்கிறேன். சந்தைப் பொறிமுறை, அரசின் தலையீடு என்று வரும் அலகுகளை முன்பெல்லாம் பிள்ளைகள் பரீட்சைக்கென்று மட்டும் படித்துவிட்டுப் போவார்கள். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு அப்படியில்லை. பெற்றோல் வரிசையில் இரவைக் கழித்தவர்கள், மின்வெட்டில் மெழுகுதிரி வைத்துப் படித்தவர்கள், அப்பாவுக்குச் சம்பளம் வந்தும் பால்மா கிடைக்காத வீட்டிலிருந்து வந்தவர்கள், இவர்கள் தீர்ப்போடுதான் வகுப்புக்குள் வருகிறார்கள். "அரசாங்கம் ஒதுங்கினாலே போதும் சேர், மிச்சத்த நாங்க பாத்துக்கொள்ளுவம்." தன் உழைப்பு, தன் முடிவு, தன் இலாபம், தன் நட்டம். வரி குறைய வேண்டும், திணைக்களங்களை மூட வேண்டும், விலையைச் சந்தை தீர்மானிக்க வேண்டும்.

இந்தக் கோபத்தை நான் மதிக்கிறேன். அதில் பாதி சரி என்றும் நினைக்கிறேன். எந்தப் பாதி சரி, எந்தப் பாதி எங்கள் வயல்களில் செல்லாது என்பதை ஒரு பாடவேளைக்குள் சொல்லி முடிக்க முடிவதில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் சரியான பாதி. 2021 ஏப்ரல் கடைசியில், இனி இந்த நாட்டில் இயற்கை உரம் மட்டும்தான் என்று ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ முடிவெடுத்தார். மே 6 ஆம் திகதி இரசாயன உரத்துக்கும் கிருமிநாசினிக்கும் இறக்குமதித் தடை வர்த்தமானியில் வந்தது. இயற்கை விவசாயம் நல்லதா இல்லையா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. நல்லதாகவே இருக்கட்டும். அதைச் செய்யப்போகிறவரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதுதான் என் குறை. மேட்டு வயலுக்கு எத்தனை, பள்ள வயலுக்கு எத்தனை, மூன்று மாத நெல்லுக்கு எப்போது, மூன்றரை மாத நெல்லுக்கு எப்போது, வெள்ளம் வண்டல் போட்டுப்போன துண்டுக்கு இந்த முறை உரம் வேண்டுமா வேண்டாமா, இதெல்லாம் வெல்லாவெளியில் வயல் செய்கிறவரின் தலைக்குள் இருக்கிற கணக்கு. கொழும்பில் எந்தக் கோப்பிலும் அது கிடையாது. சந்தையை ஆதரித்த பொருளியலாளர் ஹயெக்கின் முக்கியமான வாதமே இதுதான்: அறிவு ஓரிடத்தில் குவிந்திருப்பதில்லை, ஆளுக்கு ஆள் சிதறிக் கிடக்கிறது, அதையெல்லாம் மேலே இருக்கும் ஒருவர் திரட்டி எல்லோருக்குமாக முடிவெடுக்க முடியாது. அந்த வாதத்துக்கு வேறு நாட்டு உதாரணம் தேடி நான் போக வேண்டியதில்லை. 2021 பெரும்போகம், அதாவது அந்த மழைக்கால நெற்செய்கை, போதும்.

சீனாவிலிருந்து இயற்கை உரம் ஏற்றிய கப்பல் வந்தது. அதில் நோய்க்கிருமி இருக்கிறது என்று இறக்க விடவில்லை. கடைசியில் இறக்காத உரத்துக்கு ஏறக்குறைய 70 இலட்சம் டொலர் கட்டினார்கள். இந்தியாவிலிருந்து நானோ நைட்ரஜன் திரவம் விமானத்தில் வந்தது. நவம்பர் 24 ஆம் திகதி தடையை நீக்கினார்கள். எங்கள் பக்கத்தில் அப்போது விதைப்பு ஏறக்குறைய முடிந்திருந்தது. 2022 ஏப்ரல் 12 ஆம் திகதி, வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று நாடு அறிவித்தது. அந்த வருடம் ஓர் அந்தர் (ஏறக்குறைய 50 கிலோ) யூரியா பத்தாயிரக்கணக்கான ரூபாய்க்குக் கறுப்புச் சந்தையில் போனது. அந்தப் போகத்தில் மஞ்சள் பிடித்து நின்ற நெற்பயிரைப் பார்த்த ஒருவரிடம் போய் "அரசாங்கத்துக்கு எல்லாம் தெரியும்" என்று சொல்ல எனக்கு வாய் வராது.

எங்களுக்கு, அதாவது கிழக்கில் உள்ள தமிழருக்கு, அரசைச் சந்தேகிக்க இன்னும் பழைய காரணங்கள் உண்டு. 1949 இல், கல்லோயா ஆற்றை மறித்து வயல் திறக்க, கல்லோயா அபிவிருத்திச் சபை உருவானது. இங்கினியாகலையில் அணை எழுந்து சேனநாயக்க சமுத்திரம் நிறைந்தது. தண்ணீரோடு, பெரும்பாலும் சிங்களவரின், குடியேற்றமும் வந்தது. 1956 ஜூனில் கல்லோயாவில் தமிழர்கள் தாக்கப்பட்டார்கள், கொல்லப்பட்டார்கள். 1961 இல் மட்டக்களப்பிலிருந்து பிரித்து அம்பாறை தனி மாவட்டம் ஆனது. காணியும் நீரும் கொடுக்கிற அதிகாரம் யார் எங்கே வாழ்வது என்று தீர்மானிக்கிற அதிகாரமாகவும் மாறும் என்பதை எங்கள் பாட்டன்மார் அனுபவத்தில் தெரிந்துகொண்டார்கள்.

இன்றைக்கும் மயிலத்தமடு, மாதவனை இருக்கிறது. விதைப்புத் தொடங்கினால் மாடுகளை வயற்பக்கத்திலிருந்து அப்புறப்படுத்த வேண்டும், அவை போய் மேய்கிற தரை அது. அங்கே வெளி மாவட்டத்தவர்கள் புகுந்து பயிர் செய்வதை எதிர்த்து 2023 செப்டெம்பரில் பண்ணையாளர்கள் சித்தாண்டியில் போராட்டத்தைத் தொடங்கினார்கள். இதைச் சொன்னதும் ஒரு மாணவன் எழும்பி, "அப்ப அரசு காணியே இருக்கக் கூடாதுதானே சேர்?" என்றான். நல்ல கேள்வி. நான் திருப்பிக் கேட்டேன்: அந்தத் தரையை நாளைக்கு ஏலத்தில் விட்டால் யார் வாங்குவார்? இருபது மாடு வைத்திருக்கிற பண்ணையாளரா? உறுதி இல்லாமல் தலைமுறையாக மேய்த்தவருக்கு ஏலத்தில் கை தூக்க என்ன இருக்கிறது? அவன் யோசித்துவிட்டு இருந்துகொண்டான். எனக்கும் அது முழுப் பதில் இல்லை என்று தெரியும். அரசு நிலமாக இருந்ததால் அது இதுவரை பொதுவாக இருந்தது, அரசு நிலமாக இருப்பதாலேயே இப்போது கைவிட்டும் போகிறது. இரண்டும் உண்மை.

இனி எங்கள் வயல்களில் செல்லாத பாதிக்கு வருகிறேன். அது அறுவடையில்தான் தெரியும்.

தை, மாசியில் பெரும்போக வெட்டு. நாட்டில் முந்திச் சந்தைக்கு வருகிற பெரும்போக நெல்லில் பெரும்பகுதி அம்பாறை, மட்டக்களப்பு நெல். என் சின்ன வயதில் வேளாண்மை வெட்டினால் உப்பட்டியை, அதாவது வெட்டிப் போட்ட கதிரை, காயவிட்டு, கட்டிச் சுமந்து, களவெட்டியில் சூடு வைப்பார்கள், குவித்து அடுக்குவார்கள். சூடு வைத்த கதிர் கிழமைக்கணக்கில் இருக்கும். ஆள் கிடைக்கும்போது, மெஷின் கிடைக்கும்போது சூடடிப்பார்கள். அடித்த நெல்லில் வீட்டுக்கும் விதைக்கும் வேண்டியது நெல் சேமிக்கும் பட்டறைக்குப் போகும், மிச்சத்தை விலை பார்த்து விற்பார்கள். அது சுகமான காலம் என்று நான் சொல்ல வரவில்லை. வெட்டுக்கு ஆள் கூலியே ஆளைக் கொன்றுவிடும், மழை வந்தால் களவெட்டியிலேயே முளைத்தும் போகும். பெரிய காணிக்காரரான போடியாரிடம் விதைநெல்லுக்குக் கடன்பட்டு வெட்டோடு அளந்து கொடுத்தவர்கள் எத்தனையோ பேர். இருந்தாலும் சூடு என்ற ஒன்று இருந்தது. வெட்டின அன்றைக்கே விற்றாக வேண்டிய கட்டாயம் இல்லை.

இப்போது அறுவடை மெஷின் வந்துவிட்டது. அதைக் கொண்டுவந்தது சந்தை. அரசு எந்தத் திட்டமும் போடவில்லை. தேவை இருந்தது, லீசிங் கிடைத்தது, ஆட்கள் வாங்கினார்கள், வாடகைக்கு விட்டார்கள். ஒரு கிழமை வேலை சில மணித்தியாலத்தில் முடிகிறது. இதற்காகச் சந்தைக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் காலையில் வயலில் நின்ற நெல் மத்தியானம் மூடைக்குள் ஈரமாக இருக்கிறது. பக்கத்து வயல்வட்டையிலும் அப்படித்தான், அதற்கடுத்த வட்டையிலும் அப்படித்தான். அரசின் நெல் சந்தைப்படுத்தும் சபை 14 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதம் உள்ள நெல்லை எடுக்காது. காயவைக்கக் களம் எங்கே? மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரைப் பக்கம் அந்த மாதங்களில் போனால் றோட்டில் ஒரு பாதி நெல்லாக இருக்கும், மறுபாதியில் வாகனம் போகும். மானம் இருண்டால் குடும்பமே தறப்பாளோடு ஓடும். காயவைக்க இடமும் ஆளும் இல்லாதவர் என்ன செய்வார்? வயலோரத்தில் நிற்கிற லொறிக்குப் போடுவார். மெஷின் கூலி அன்றைக்கே கொடுக்க வேண்டும், கிருமிநாசினிக் கடையில் கொப்பியில் எழுதிய கடன் வெட்டோடு தருவதாகச் சொன்னது, வங்கியில் ஈடு வைத்த நகைக்குத் தவணை வந்துவிட்டது.

என் பெரியப்பா வயல் செய்கிறவர். விலை குறைவு என்று தெரிந்தும் ஏன் கொடுத்தீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். "லொறி கிறுகிப் போனா மறுகா எப்ப வருமெண்டு ஆருக்கு மனே தெரியும்?" என்றார். மூடைக்கு இத்தனை கிலோ கழிவு என்றும் வியாபாரி வெட்டிக்கொள்கிறார். ஈரத்துக்கு ஒன்று, சாக்குக்கு ஒன்று. பேரம் பேச நேரமில்லை. நெல் பொலன்னறுவைக்குப் போய் அங்கே பெரிய ஆலைகளில் காய்ந்து, களஞ்சியத்தில் இருந்து, விலை ஏறும்போது அரிசியாகி எங்கள் சந்தைக்கே திரும்பி வருகிறது.

மாணவர்களிடம் நான் அழுத்திச் சொல்வது இந்த இடத்தைத்தான். வியாபாரி யாரையும் கட்டிப்போட்டு வாங்கவில்லை. இரண்டு பேரும் சம்மதித்தே கைமாற்றுகிறார்கள். புத்தகத்தில் உள்ள சுதந்திரச் சந்தையின் எல்லா அடையாளமும் அதில் இருக்கிறது. இல்லாத ஒன்று, நாளைக்குப் பார்க்கலாம் என்று சொல்கிற வலு. அது ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கிறது. காத்திருக்க முடிகிற ஒருவரும் காத்திருக்க முடியாத ஒருவரும் பேசி வருகிற விலையை எப்படி இருவருடைய சுதந்திரமான முடிவு என்று சொல்வது?

இது ஏதோ இடதுசாரிப் பேச்சு என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சந்தையை நம்புகிறவர்கள் தலைமேல் வைத்துப் போற்றும் அடம் ஸ்மித், கூலி விஷயத்தில் இதையே 1776 இல் எழுதியிருக்கிறார். முதலாளிக்கும் தொழிலாளிக்கும் பிணக்கு வந்தால் முதலாளி வேலை நடக்காமலே ஒரு வருடம், இரண்டு வருடம்கூடக் கையிருப்பில் வாழ்ந்துவிடுவார், தொழிலாளிகளில் பலருக்கு ஒரு கிழமைகூடத் தாங்காது, ஆகவே பெரும்பாலும் யார் வெல்வார் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்கிறார். அவருடைய தொழிலாளியின் இடத்தில் பெரியப்பாவின் ஈர நெல்லை வைத்துப் பார்த்தால் கணக்கு அப்படியே பொருந்துகிறது.

அப்படியென்றால் அரசு வாங்கட்டும் என்று உடனே சொல்லிவிடலாம். அதுவும் இங்கே நீண்ட கதை. உத்தரவாத விலைத் திட்டம் 1948 இல் வந்தது. நெல் சந்தைப்படுத்தும் சபைக்கு 1971 இல் சட்டம் வந்தது. 1977 இல் பொருளாதாரம் திறக்கப்பட்ட பிறகு சபை மெல்ல மெல்ல ஒதுங்கி, 1990களின் பிற்பகுதியில் கிட்டத்தட்ட இல்லாமலே போய், பிறகு மீண்டும் உயிர் பெற்றது. 2025 பெப்ரவரியில் அரசு விலை அறிவித்தது: 'நாடு' வகை நெல் கிலோ 120 ரூபாய், சம்பா 125, கீரிச்சம்பா 132. போதுமா போதாதா என்று எல்லோரும் சண்டை பிடித்தார்கள். எனக்கு அதைவிடப் பெரிய பிரச்சினையாகப் பட்டது திகதி. எங்கள் பக்கத்தில் வெட்டு அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. தெற்கிலும் வடமத்தியிலும் கதிர் முற்றுவதைப் பார்த்து விலை சொன்னால், முந்தி வெட்டுகிற கிழக்குக்கு அது பிந்தின விலை.

அரிசிக்கு உச்ச விலை போடுவது வேறு வகை. 2024 டிசம்பரில் நாட்டரிசி கிலோ 230 ரூபாய் என்று கட்டினார்கள். கடைகளில் நாட்டரிசித் தட்டுப்பாடு தீரவில்லை. இந்த விஷயத்தில் நான் மாணவர்கள் பக்கம். விலையை ஆணையிட்டு அரிசியை வெளியே கொண்டுவர முடியாது. களஞ்சியம் யாருடைய கையில் இருக்கிறதோ அவரிடம்தான் அரிசி இருக்கும்.

அரசிடம் நான் கேட்பது வேறு. என்ன பயிரிடு, என்ன உரம் போடு, என்ன விலைக்கு வில் என்று சொல்ல வேண்டாம். மக்களுக்குக் காத்திருக்கும் வலுவைக் கொடு. 2021 இல் அரசு செய்த குற்றம், ஒரே இரவில் ஆணையிட்டு எங்களிடமிருந்து அந்த அவகாசத்தைப் பறித்தது. ஒவ்வொரு மாசியிலும் செய்கிற குற்றம், அவகாசம் இல்லாமல் நிற்கிறவனைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது.

நுண்கடன் கதையை இந்தக் கண்ணால் பார்த்தால் அதுவும் விளங்கும். யுத்தம் முடிந்த 2009 க்குப் பிறகு கடன் கொடுக்கும் கம்பனிகள் எங்கள் கிராமங்களுக்கு வரிசையாக வந்தன. பிணைக்கு காணி வேண்டாம், நகை வேண்டாம், நாலைந்து பெண்கள் குழுவாகச் சேர்ந்து ஒருவருக்கொருவர் கையெழுத்து வைத்தால் காசு. கணவனை இழந்த பெண்களுக்கு எந்த வங்கியும் கதவு திறக்காத நேரத்தில் இந்தக் கதவு திறந்தது, அதை மறைக்கக் கூடாது. ஆனால் முதல் தவணை அடுத்த கிழமையே. கோழி முட்டை இடவும் இடியப்பத் தொழில் பிடிபடவும் கிழமைக்காசு பொறுக்காது. ஒரு கம்பனிக்குக் கட்ட இன்னொரு கம்பனியில் எடுத்தார்கள். ஒருத்தி கட்டாவிட்டால் குழுவில் மற்றவர்கள் அவள் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும். அக்காவும் தங்கையுமாகப் பழகினவர்கள் அதோடு பேசாமல் போனார்கள். நுண்நிதிச் சட்டம் 2016 இல்தான் வந்தது. 2018 இல் வரட்சி பாதித்த மாவட்டங்களின் பெண்களுக்கு ஒரு இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட கடனைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தார்கள், வட்டிக்கு 35 சதவீத உச்சவரம்பும் வந்தது. வட்டிக்கு வரம்பு வைத்தால் கடனே கிடைக்காமல் போகும் என்று பாடப்புத்தகம் சொல்லும். அது வெறும் பயமுறுத்தல் இல்லை. ஆகவே வரம்பைவிட முக்கியம், மூன்று மாதமோ ஒரு போகமோ பொறுக்கிற கடன் வேறெங்காவது கிடைப்பது. கிராமத்துக் கூட்டுறவுச் சங்கங்கள் ஒழுங்காக நடந்த இடங்களில் பெண்கள் கம்பனிப் பக்கம் அதிகம் போகவில்லை என்பதை நானே பார்த்திருக்கிறேன்.

காணி உறுதி விஷயமும் இப்படித்தான். 1935 ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பெர்மிட் வாங்கிய குடும்பங்கள் தலைமுறையாகச் சொந்தமாக விற்கவோ ஈடு வைக்கவோ முடியாமல் இருந்தன. 2024 இல் 'உறுமய' திட்டத்தில் முழு உறுதி தருவதாகத் தொடங்கினார்கள். கொடுக்கத்தான் வேண்டும். தன் காணியை விற்க ஒருவர் திணைக்களத்திடம் கையேந்தி நிற்பது அவமானம். ஆனால் வெட்டோடு வருகிற கடன் அப்படியே இருக்க உறுதி மட்டும் கைக்கு வந்தால், ஒரு பிழைத்த போகத்தில் அந்த உறுதியும் நெல் போன வழியில் போகும்.

தனிமனிதன் உழைத்தால் எல்லாம் முடியும் என்கிறவர்களுக்கு மலேரியாவைச் சொல்லலாம். 1934, 35 இல் இந்த நாட்டில் ஆயிரக்கணக்கில் ஆட்களைக் கொண்டுபோன நோய் அது. 1940களின் நடுவில் அரசு வீடு வீடாக டிடிடி என்ற பூச்சிமருந்தைத் தெளித்தது. ஆயிரம் பேருக்கு ஏறக்குறைய 20 ஆக இருந்த இறப்பு வீதம் 1946 க்கும் 1947 க்கும் இடையில் ஏறக்குறைய 14 ஆக இறங்கியது. 2016 இல் இலங்கை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. தன் வீட்டு நுளம்பை மட்டும் காசு கொடுத்து ஒழிக்க யாராலும் முடியாது. கல்லோயாக் காட்டில் வயல் வெட்ட முடிந்ததற்கும் அந்தத் தெளிப்புக்கும் தொடர்பு உண்டு.

அரசும் தனிமனிதனும் என்று இரண்டு பேரை மட்டும் வைத்துப் பேசுவதே எனக்குப் போதாமல் படுகிறது. கிழக்கில் வட்டவிதானை என்று ஒருவர் உண்டு. எந்த வாய்க்காலில் எப்போது தண்ணீர் என்று பார்ப்பவர், கமக்காரர்கள் தாங்களே தெரிவு செய்பவர். கல்லோயா இடதுகரையில் 1980களின் தொடக்கத்தில் நடந்ததை இங்கே சொல்ல வேண்டும். வாய்க்கால்கள் தூர்ந்துபோய், தலைப்பக்கத்தில் இருந்தவர்கள் வேண்டிய மட்டும் எடுக்க, கடைப்பக்கத்துக்குத் தண்ணீர் எட்டாமல் கிடந்த திட்டம் அது. தலைப்பக்கத்தில் பெரும்பாலும் சிங்களவர், கடைப்பக்கத்தில் தமிழர். கமநல ஆராய்ச்சி நிறுவனமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து இளம் பட்டதாரிகளை அனுப்பி, கமக்காரர்களோடு தங்கவைத்தார்கள். அவர்கள் திட்டம் எதையும் திணிக்கவில்லை. ஒரே வாய்க்காலில் தண்ணீர் எடுக்கிற பத்துப் பதினைந்து பேரை ஒன்றாக இருத்திப் பேசவைத்தார்கள். அந்தச் சிறு குழுக்கள் தாங்களே வாய்க்கால் வெட்டின, முறை வைத்துத் தண்ணீர் எடுத்தன, மிச்சத்தைக் கீழே விட்டன. கடைப்பக்கத்துத் தமிழர்களுக்குச் சிங்களக் கமக்காரர்கள் தண்ணீர் விட்டுக் கொடுத்தார்கள். நாடு எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்த காலம் என்பதை நினைத்துப் பார்த்தால் இதன் பெறுமதி விளங்கும். பொதுவளங்களை மக்களே நிர்வகிப்பது பற்றிய ஆய்வுக்காக 2009 இல் பொருளியல் நோபல் பரிசு பெற்ற எலினோர் ஒஸ்ட்ரோம், கல்லோயாவையும் ஆராய்ந்து எழுதியிருக்கிறார். அம்பாறையில் நடந்த ஒன்றை உலகம் படிக்கிறது, எங்கள் பாடப்புத்தகத்தில் ஒரு வரி இல்லை. இது எனக்குப் பெரிய கவலை.

இதை வைத்து அரசே வேண்டாம் என்று சொல்லிவிடவும் முடியாது. அந்த அணையைப் பத்துக் கமக்காரர் சேர்ந்து கட்டியிருக்க முடியாது. வான்கதவு இன்றும் நீர்ப்பாசனத் திணைக்களத்தின் கையில். மேலே பெரிய வேலையை அரசு செய்ய, கீழே முடிவை அங்கே வயல் செய்கிறவர்கள் எடுக்க, விற்கும்போது நாலு வியாபாரி போட்டி போட, மூன்றுக்கும் இடமிருந்தால் போதும்.

உன்னிச்சையோ நவகிரியோ உறுகாமமோ வாகனேரியோ, எந்தக் குளத்துக்கும் பெரும்போக ஆரம்பக் கூட்டம் நடக்கும். விதைப்பு எப்போது தொடங்கி எப்போது முடிய வேண்டும், தண்ணீர் எப்போது திறப்பது, எத்தனை மாத நெல், மாடுகளை எந்தத் திகதிக்குள் அப்புறப்படுத்துவது என்று எல்லாம் அங்கே தீர்மானமாகும். நெல் விற்பதைப் பற்றி அங்கே தீர்மானம் இல்லை. அங்கேயே கேட்க வேண்டும்: சபையின் களஞ்சியம் எந்தத் திகதியில் திறக்கும், குறைந்தபட்ச விலை என்ன, அது விதைப்புக்கு முன்னால் எழுத்தில் வருமா, எங்கள் கமநல சேவைப் பிரிவில் காயவைக்கும் களம் எத்தனை, உலர்த்தும் மெஷின் இருக்கிறதா, களஞ்சியத்தில் நெல்லை வைத்துவிட்டு அந்தப் பற்றுச்சீட்டைக் காட்டி வங்கியில் கடன் எடுக்க முடியுமா. எல்லா நெல்லையும் அரசு வாங்க வேண்டியதில்லை, அதற்குத் திறைசேரியில் காசும் இல்லை. இரண்டு மாதம் நெல்லை வைத்திருக்க ஒருவருக்கு வழி இருந்தால், வயலோரத்து லொறிக்காரரே நல்ல விலை சொல்லத் தொடங்குவார். குத்தகைக்கு வயல் செய்கிறவரின் பெயரும் அந்தப் பதிவில் ஏற வேண்டும். காணிக்காரரின் கடிதம் இல்லாமல் சபைக்கு நெல் கொடுக்க அவருக்கு இன்றைக்குப் பெரும்பாடு. படுவான்கரையில் ஈர நெல்லை முதலில் விற்பவர்களில் பலர் அப்படிப்பட்டவர்கள்தான் என்பது ஒவ்வொரு கமக்காரர் அமைப்புக்கும் தெரியும்.